அந்த ஸ்க்ரீன்ஷாட்டில் இருக்கும் 28

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனை ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 37. 2020 ஜூலையில் கொரோனா வார்டு டியூட்டி பார்த்தபோது எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு லிங்க் போட்டார்கள். டாஸ்-21 என்ற படிவம். நிரப்பியதும் 'ஸ்ட்ரெஸ் 28, கடுமை. பதற்றம் 22, மிகக் கடுமை' என்று திரையில் வந்தது. அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஸ்க்ரீன்ஷாட் இன்னும் போனில் இருக்கிறது. போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் பிஎஸ்எஸ் என்று பத்துக் கேள்விப் படிவம் கொடுத்தார்கள், 17 வந்தது, 'நடுத்தரம்' என்றார்கள். 28 இருந்தது 17 ஆகிவிட்டதால் எனக்குச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்போது எனக்கு மனநோய் இருந்ததா? சர்க்கரைக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பதுபோல இதற்கு உறுதியான டெஸ்ட் கிடையாதா? இன்னொன்று, அடுத்த முறை இப்படி ஏதாவது தொற்று வந்தால் ஊழியர்களின் மன அழுத்தத்தை அளக்க ஒரு படிவம் தயாரிக்கும் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள், அதற்கும் யோசனை சொல்லுங்கள். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன். ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டால் மட்டும் கை சில்லிட்டுவிடும், அந்த வராண்டா வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன், அது பழகிவிட்டது. (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சிஸ்டர்,

நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் விட்ட ஐந்தாவது உங்கள் கடைசி இரண்டு வரியில் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் எண்களை முடித்துவிடுவோம், அது உறுத்திக்கொண்டே இருக்கும்வரை நான் சொல்கிற வேறெதுவும் உங்கள் காதில் ஏறாது.

28-லிருந்து 17-ஐக் கழிக்கக் கூடாது. ஒன்று டெம்பரேச்சர், இன்னொன்று பிபி என்று வைத்துக்கொள்ளுங்கள், 101 இருந்தது 90 ஆகிவிட்டது என்று நீங்கள் கேஸ் ஷீட்டில் எழுதுவீர்களா? டாஸ்-21 ஆஸ்திரேலியாவில் லவிபாண்ட் என்ற பெயர் கொண்ட இரு உளவியலாளர்கள் 1995-ல் வெளியிட்ட அளவுகோலின் சுருக்கம். ஸ்ட்ரெஸ், பதற்றம், மனச்சோர்வு ஒவ்வொன்றுக்கும் ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, அப்புறம் கூட்டுத்தொகையை இரண்டால் பெருக்க வேண்டும், ஏனென்றால் மூலப் படிவத்தில் 42 கேள்விகள். ஆக உங்கள் 28 உண்மையில் 14 தான், இரண்டால் பெருக்கி 28 ஆனது. (பெருக்க மறந்துபோய் 'எங்கள் ஊழியர்களுக்கு அழுத்தமே இல்லை' என்று அறிக்கை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை வைத்துப் பவர்பாயிண்ட்டும் போட்டுவிட்டார்கள்.) அது கடந்த ஒரு வாரத்தைக் கேட்கும்: எரிச்சல் வந்ததா, ஓய்வாக உட்கார முடிந்ததா, சின்ன விஷயத்துக்கும் சீறினீர்களா என்று.

பிஎஸ்எஸ் வேறு ஜாதி. ஷெல்டன் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளரும் இன்னும் இருவரும் 1983-ல் கொண்டுவந்தது. முதலில் 14 கேள்வி, பிறகு பத்தாகச் சுருக்கினார்கள், 0 முதல் 40 வரை போகும். அது உடம்பில் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. கடந்த ஒரு மாதத்தில் வாழ்க்கை உங்கள் கையை மீறிப் போனதாகத் தோன்றியதா, தலைக்கு மேல் வேலை குவிந்துவிட்டதாகத் தோன்றியதா என்று கேட்கும். அதாவது எவ்வளவு பாரம் என்பதைவிட, பாரம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் அதன் கவலை. பத்தில் நான்கு கேள்வி நல்லவிதமாகக் கேட்கப்பட்டவை, 'நினைத்தபடி காரியங்கள் நடந்தனவா' என்கிற மாதிரி. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும், 4 என்றால் 0. பயிற்சி வகுப்பில் உங்களுக்குக் கூட்டிச் சொன்னவர் திருப்பிப் போட்டாரா என்று முடிந்தால் கேளுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இது அடிக்கடி தவறிப்போகிற இடம்.

அந்த 'நடுத்தரம்' என்ற சொல்லுக்கு வருவோம். 14 முதல் 26 வரை நடுத்தரம் என்று எல்லா இடத்திலும் சுற்றுகிறது. கோஹன் தரப்பு அப்படி எந்த எல்லைக்கோடும் போடவில்லை. இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல, ஒரு கூட்டத்துக்குள் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட மட்டும்தான் என்றுதான் அவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். கோடு யார் கிழித்தாலும், அந்தக் கோட்டை நம்பினால் என்ன ஆகும் பாருங்கள். 2009-ல் அமெரிக்காவில் நாடு முழுவதும் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் பெண்களின் சராசரி 16-க்குக் கொஞ்சம் மேலே, ஆண்களுக்குப் பதினைந்தரை. பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம்தான், வேலைகளும் போய்க்கொண்டிருந்த காலம்தான், ஆனால் யாரும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கவில்லை. அந்தச் சராசரிப் பெண்மணியே நமது கோட்டின்படி 'நடுத்தர அழுத்தம்'. உங்கள் 17 அவரைவிட ஒரு மதிப்பெண்கூட அதிகமில்லை.

இதைத் தெரிந்துகொண்டால் 2020-ல் வந்த பல தலைப்புச் செய்திகளின் காற்று கொஞ்சம் இறங்கிவிடும். ஊரடங்கின்போது இந்திய மனநல மருத்துவர் சங்கம் ஆன்லைனில் நடத்திய கணக்கெடுப்பில் 1,685 பேர் பதில்களை எடுத்துக்கொண்டார்கள், அதில் 74.1 சதவீதம் பேருக்கு நடுத்தர அளவு அழுத்தம் என்று வந்தது. நான்கில் மூன்று பேர்! படித்தவுடன் பகீர் என்றது. ஆனால் சாதாரண நாளிலேயே பெரும்பாலானவர்கள் விழக்கூடிய அவ்வளவு அகலமான ஒரு தொட்டிக்குள் நான்கில் மூன்று பேர் விழுந்தார்கள் என்பதில் எவ்வளவு கொரோனா, எவ்வளவு தொட்டி என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதே ஆய்வில் 40.5 சதவீதம் பேருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ இருந்ததாகவும் வந்தது. அது வேறு படிவங்களில் எடுத்தது, அதை நான் இன்னும் கொஞ்சம் கவனமாகப் படிப்பேன்.

சரி, உங்கள் 22-க்கு வருகிறேன். என்னை உண்மையில் உட்கார வைத்தது அந்த எண்தான்.

டாஸ்-21-இல் பதற்றத்துக்கான ஏழு கேள்விகளில் ஒன்று: வாய் வறண்டுபோனதா? இன்னொன்று: மூச்சு விடச் சிரமமாக இருந்ததா? இதை ஜூலை மாதம், பிபிஇ கிட்டுக்குள் ஆறு மணி நேரம் நின்றுவிட்டு வந்த ஒரு நர்ஸிடம் கேட்டிருக்கிறார்கள். பாத்ரூம் போக முடியாது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் போயிருப்பீர்கள். என்95 மேல் இன்னொரு மாஸ்க், அதன்மேல் ஷீல்டு, ஏசி போடக் கூடாது என்று உத்தரவு, கையுறையைக் கழற்றும்போது வியர்வை கையிலிருந்து ஊற்றும். வாய் வறண்டதா? ஆமாம், 3. மூச்சு? 3. அப்புறம் ஒரு கேள்வி, 'தகுந்த காரணம் இல்லாமல் பயமாக உணர்ந்தீர்களா' என்று. காரணம் இல்லாமலா! காரணம் பக்கத்து பெட்டில் படுத்திருந்தது சிஸ்டர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாய் வறட்சிக்கும் மூச்சுக்கும் நீங்கள் 3, 3 போட்டிருந்தால், அது பெருக்கியபின் 12. 22-இல் 12 போனால் 10. அதாவது உங்கள் பதற்றத்தில் பாதிக்கு மேல் அந்தப் பிளாஸ்டிக் உடுப்பின் பதற்றமாக இருந்திருக்கலாம். கவனியுங்கள், மீதி பத்தும் சும்மா இல்லை, அந்தப் படிவத்தின் கணக்கிலேயே 10 'மிதமானது'. கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, எங்கே நிலைகுலைந்துவிடுவோமோ என்ற கவலை, இவையெல்லாம் அந்தப் பத்துக்குள் இருக்கின்றன. படிவம் பொய் சொன்னது என்று நான் சொல்லவில்லை. உங்கள் உடம்பு சொன்னதையும் மனசு சொன்னதையும் அதற்குப் பிரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். கொரோனா வந்து போனவர்களிடம் இதைக் கொடுத்தால் இன்னும் மோசம். அவர்களுக்கு நோயே மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும்.

டாஸ் தயாரித்தவர்களே ஒன்று சொல்லியிருக்கிறார்கள்: 'மிதம், கடுமை' போன்ற பெயர்கள் பொதுமக்களோடு ஒப்பிடும்போது ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதற்குத்தான், நோயின் கடுமைக்கு அல்ல. ஆகவே அப்போது மனநோய் இருந்ததா என்ற கேள்விக்கு நான் தரக்கூடிய நேர்மையான பதில் இது. அந்த வாரம் நீங்கள் நொறுங்கிப்போயிருந்தீர்கள், அது உறுதி. அதற்கு நோய் என்று பெயர் வைக்க வேண்டுமானால், யாராவது ஒருவர் உங்கள் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, டியூட்டி இல்லாத நாளிலும் இப்படியா என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. குற்றம் அங்கேதான். 'மிகக் கடுமை' என்று திரையில் காட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுகிற படிவத்தை எதற்கு அனுப்புகிறார்கள் என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. ஒரு நோயாளிக்குச் சர்க்கரை 400 என்று பார்த்துவிட்டு நீங்கள் அடுத்த வார்டுக்கு நடந்துபோவீர்களா?

ரத்தப் பரிசோதனை கேட்டீர்கள். கார்டிசால் இருக்கிறது, அழுத்தம் வந்தால் உடம்பு கூடுதலாகச் சுரக்கிற ஹார்மோன். எச்சிலில் பார்க்கலாம், ரத்தத்தில் பார்க்கலாம், முடியிலும் பார்க்கலாம், முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால் மண்டையோரம் மூன்று சென்டிமீட்டர் வெட்டினால் மூன்று மாதக் கதை கிடைக்கும். ஆராய்ச்சிக்கு நல்லது. ஒரு தனி மனுஷிக்கு உறுதியான விடை சொல்ல உதவாது. காலையில் கண் விழித்த அரை மணிக்குள் அது ஏறும், பகல் போகப்போக இறங்கும், நைட் டியூட்டி பார்க்கிறவர்களுக்கு இந்த ஒழுங்கே கலைந்துபோயிருக்கும். போதாததற்கு கொரோனாவுக்கே நாம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தோம், அது உடம்பின் சொந்தக் கார்டிசாலை அமுக்கிவிடும். நீண்ட நாள் அதிர்ச்சியில் இருப்பவர்கள் சிலருக்கு அளவு குறைந்தே இருப்பதும் உண்டு. ஆக இப்போதைக்குக் கேள்வி கேட்பதுதான் டெஸ்ட். யார், எந்த மொழியில், எந்த நேரத்தில் கேட்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மொழி என்றதும் உங்கள் குழுவின் வேலை ஞாபகம் வந்தது. முதல் இடறலே அங்கேதான். ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டுக்குமே நம் பத்திரிகைகள் மன அழுத்தம் என்றே எழுதிப் பழகிவிட்டன. நாங்கள் மனச்சோர்வு என்று தனியாகப் பிரித்து எழுதுவோம், படிக்கிறவர் பிரித்துப் படிப்பார் என்பது நிச்சயமில்லை. வார்டைச் சுத்தம் செய்கிற ஒரு அம்மாவிடம் "உங்களுக்கு அழுத்தம் இருக்கா?" என்று கேட்டபோது "பிரஷர் இல்லைங்க, சுகர் மட்டுந்தான்" என்றார். அவர் சரியாகத்தான் சொன்னார், கேட்ட எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. அப்புறம் "மனசு பாரமா இருக்கா, நெஞ்சு படபடங்குதா, படுத்தா தூக்கம் வருதா" என்று கேட்டதும் அவர் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டார். பிஎஸ்எஸ்-இல் எல்லாம் நம் பிடிக்குள் இருக்கிறது என்ற பொருளில் ஒரு ஆங்கிலத் தொடர் வரும், அதை ஒரு மொழிபெயர்ப்பில் 'பொருட்களின் மேல் இருப்பதாக உணர்ந்தீர்களா' என்று போட்டிருந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். தமிழில் ஏற்கெனவே சரிபார்த்த படிவம் கிடைத்தால் அதை எடுங்கள், கிடைத்தாலும் உங்கள் மருத்துவமனையில் பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, 'இதைக் கேட்டதும் என்ன புரிந்தது' என்று கேளுங்கள். ஒரு மத்தியானம் போதும்.

யார் கேட்கிறார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். 2020-ல் தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குப் போனில் பேசுகிற வேலை எனக்கு வந்தது. தகரம் அடித்த ஒரு வீடு. எழுபதைத் தாண்டிய பெரியவர். மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவத்தை வரிசையாகக் கேட்டேன். "இல்லம்மா." "அதெல்லாம் ஒண்ணுமில்ல." "நல்லாத் தூங்குறேன்." மொத்தம் 27-க்கு 2. நோட்டில் குறித்துவிட்டு, வைக்கும் முன்னால் சும்மா, பால் காய்கறியெல்லாம் எப்படி வருகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ஒரு கதவு சாத்துகிற ஓசை. "பையன் ஸ்பீக்கர்ல போட்டிருந்தான்மா, இப்பதான் நான் தனியா வந்தேன்" என்றார். மனைவியை ஆம்புலன்ஸில் ஏற்றிப்போய் ஆறு நாள் ஆகியிருந்தது. ஆறு நாளும் அவர் உட்கார்ந்துகொண்டே விடியவைத்திருக்கிறார். என் நோட்டில் இருந்த 2 இன்னும் அப்படியே இருக்கிறது, அதை நான் அடிக்கவில்லை, பக்கத்தில் ஒரு கோடு போட்டு 'ஸ்பீக்கர்' என்று எழுதிவைத்திருக்கிறேன்.

உங்கள் மருத்துவமனையில் அந்த ஸ்பீக்கர் எது என்று யோசியுங்கள். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டால் பாதிப்பேர் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடுவார்கள், மீதிப்பேர் லீவு கிடைக்குமென்று எல்லாவற்றுக்கும் 3 போடுவார்கள். அந்த குரூப்பிலேயே இல்லாதவர்கள் யார்? ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், பிணவறை ஊழியர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள். அவர்களிடம் காகிதத்தோடு நேரில் போகாவிட்டால் உங்கள் கணக்கில் அவர்களுக்கு அழுத்தமே இருக்காது. காய்ச்சலில் படுத்திருப்பவரும், மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவரும் படிவம் நிரப்ப மாட்டார். நிரப்புகிறவர் நேரம் இருக்கிறவர், அல்லது சொல்ல நிறைய இருக்கிறவர்.

ஆனால் இதையெல்லாம்விட நான் வற்புறுத்தப்போவது, அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்காதீர்கள் என்பதை. இப்போதே, ஒன்றுமில்லாத ஒரு சாதாரண மாதத்தில் ஒருமுறை எடுத்து வைத்துவிடுங்கள். முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2020 ஜனவரி 31-இல் தொடங்கி சீனாவில் கொரோனாவுக்கென்றே தயாரித்த ஒரு படிவத்தில் 52,730 பேர் பதில் சொன்னார்கள், ஏறக்குறைய 35 சதவீதம் பேருக்கு மனவேதனை என்று வந்தது. அவ்வளவு பெரிய கூட்டம், அவ்வளவு வேகம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தொற்றுக்கென்றே செய்த படிவத்துக்கு 'முன்பு' என்று ஒன்று கிடையாது. பிரிட்டனில் அந்த அதிர்ஷ்டம் இருந்தது. அங்கே ஒரே குடும்பங்களை வருஷா வருஷம் போய்ப் பார்க்கும் ஒரு கணக்கெடுப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு பழைய படிவம். 2018-19-இல் மருத்துவ ரீதியாகக் கவனிக்க வேண்டிய அளவு மனவேதனை இருந்தவர்கள் 18.9 சதவீதம், 2020 ஏப்ரலில் 27.3 சதவீதம். இளைஞர்களுக்கும், பெண்களுக்கும், சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடுகளுக்கும் கூடுதல். இங்கே எவ்வளவு ஏறியது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

அப்படி முன்பும் பின்பும் அளந்த ஆய்வுகளை மட்டும், 137 ஆய்வுகள், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2023-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு தொகுப்பு வந்தது. பொதுமக்களின் மனநலத்தில் மாற்றம் சராசரியாக மிகச் சிறியது அல்லது இல்லை, மனச்சோர்வு மட்டும் லேசாகக் கூடியிருக்கிறது, பெண்களுக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் மோசம் என்றது. உலக சுகாதார நிறுவனமோ 2022-இல், தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாகச் சொன்னது. இரண்டையும் படித்துவிட்டு எது சரி என்று என் மாணவர்கள் சண்டை போடுவார்கள். சராசரி என்பது வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவரையும் உங்களையும் சேர்த்து வகுத்த கணக்கு. ஊர்ச் சராசரி அசையவில்லை என்பதால் உங்கள் வார்டு அசையவில்லை என்று ஆகாது. இதற்கும் ஆதாரம் உண்டு: 2003-இல் சார்ஸ் என்ற மூச்சுத்தொற்று பரவியபோது நோயாளிகளைப் பார்த்த, கனடாவின் டொரொன்டோ மருத்துவமனை ஊழியர்களையும், சார்ஸ் வராத ஹாமில்டன் மருத்துவமனை ஊழியர்களையும், 13 முதல் 26 மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். எல்லாம் அடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் டொரொன்டோக்காரர்களிடம் மனவேதனையும் வேலைச் சலிப்பும் கூடுதலாக இருந்தது. பழகிவிட்டது என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள்.

உங்கள் படிவத்துக்கு இன்னும் சில. பெயர் கேட்காதீர்கள், ஆனால் அதே ஆளை மறுபடி சேர்த்துப் பார்க்க ஒரு குறியீடு வேண்டும், அம்மா பெயரின் முதல் எழுத்தும் பிறந்த தேதியும் என்று அவரவரே போட்டுக்கொள்ளட்டும். 'கடந்த ஒரு மாதம்' என்று கேட்கும் படிவத்தைத் தொற்றுக் காலத்தில் யோசித்துப் பயன்படுத்துங்கள். 2020 மார்ச் 1-க்கும் மார்ச் 31-க்கும் இடையில் இருந்தது ஒரு மாதமா? நடுவில் ஒரு ஊரடங்கு வந்து உலகமே வேறாகிவிட்டது. டியூட்டி வாரமும் குவாரன்டைன் வாரமும் கலந்துபோகும். மனச்சோர்வுப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. அதைக் கேட்பதாக இருந்தால் 'ஆம்' என்று வருகிறவருடன் அன்றைக்கே பேச யார் இருக்கிறார் என்று பெயரும் போன் நம்பரும் முடிவு செய்துவிட்டுக் கேளுங்கள், அந்த நம்பர் படிவத்திலேயே இருக்கட்டும். பெயரில்லாத படிவத்தில் ஆளைத் தேட முடியாது, அவர்தான் உங்களைத் தேடி வர வேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால் அந்தக் கேள்வியைக் கேட்கிற தகுதி நமக்கு இல்லை என்பது என் கட்சி, என் நண்பர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் மனசைப் பற்றி மட்டும் கேட்காமல் வேலையைப் பற்றியும் நாலு கேள்வி போடுங்கள்: கடந்த வாரம் எத்தனை நைட், மாஸ்க் தட்டுப்பாடு இருந்ததா, தங்க இடம் இருந்ததா, பிள்ளைகளைப் பார்த்து எத்தனை நாள். இது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஊழியர்களுக்கு அழுத்தம் அதிகம் என்று கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு யோகா வகுப்பு போடுவார்கள், நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிறவரையும் பிடித்து உட்காரவைப்பார்கள்.

இனி உங்கள் கடைசி வரி.

சிலிண்டர் சத்தம், சில்லிடுகிற கை, சுற்றிக்கொண்டு போகிற வராண்டா. நீங்கள் நிரப்பிய இரண்டு படிவமும் இதைக் கேட்கவில்லை. 28-உம் கேட்கவில்லை, 17-உம் கேட்கவில்லை. ஒரு சம்பவத்தின் தாக்கத்தை அளக்கவென்றே 22 கேள்வி கொண்ட வேறொரு படிவம் இருக்கிறது, அதில் இதுதான் கேட்பார்கள்: ஏதாவது சத்தமோ வாசனையோ அதை மறுபடி கொண்டுவருகிறதா, அதை நினைவுபடுத்துகிற இடத்தைத் தவிர்க்கிறீர்களா, அதைப் பற்றிக் கனவு வருகிறதா, சட்டென்று திடுக்கிடுகிறீர்களா. இரண்டு கேள்விக்கு யாரும் கேட்காமலேயே நீங்கள் பதில் எழுதி அனுப்பிவிட்டீர்கள். இதை வைத்து உங்களுக்கு இன்ன நோய் என்று நான் கடிதத்தில் முத்திரை குத்தமாட்டேன், இவ்வளவு நேரம் படிவங்களைத் திட்டிவிட்டு அதையே நான் செய்யக் கூடாது. ஆனால் உங்கள் எண்கள் எனக்குக் கவலை தரவில்லை, இந்த வரி தருகிறது. ஒரு நர்ஸுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் சத்தத்தில் கை சில்லிடுவது சின்ன விஷயமில்லை. ஒரு நாள் அவசரத்தில் அதைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியவரே நீங்களாக இருக்கலாம்.

'பழகிவிட்டது' என்றால் சத்தம் பழகவில்லை, சுற்றிப் போவது பழகியிருக்கிறது. சுற்றிப் போகப் போக அந்த வராண்டா இன்னும் நீளமாகும். அதற்காக நாளைக்கே போய் சிலிண்டர் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதீர்கள், அது வைத்தியமில்லை. ஆள் துணையோடு, படிப்படியாக, முதலில் பேசி, பிறகு நெருங்கிச் செய்கிற சிகிச்சை முறைகள் இருக்கின்றன, இத்தனை வருஷம் கழித்தும் பலன் தரும். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் இருப்பார். சொந்த மருத்துவமனையில் காட்டினால் கூட வேலை செய்கிறவர்கள் பேசுவார்கள் என்று நீங்கள் யோசிப்பது எனக்குத் தெரியும், பக்கத்து மாவட்டத்தில் காட்டுங்கள், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தானே. 2017 மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது அவர்கள் கடமை. அதுவரை போனில் பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது. இரவில் எப்போதாவது உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால் பக்கத்து மாவட்டம் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது 17-ஐப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அந்த வார்டில் என்ன நடந்தது, எந்த சிலிண்டர், யாருக்காகத் தள்ளிக்கொண்டு போனது, அது சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்ததா, அதிலிருந்து தொடங்குங்கள். அழுகை வந்தால் வரட்டும், அவர்கள் மேஜையில் டிஷ்யூ இருக்கும், இல்லாவிட்டால் கைக்குட்டை எடுத்துப் போங்கள். அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் அழித்துவிடாதீர்கள். 2020 ஜூலை என்ற தேதி தெரிகிற மாதிரி பிரிண்ட் எடுத்து உடன் கொண்டுபோங்கள். அன்று யாரும் வந்து கேட்கவில்லை, இப்போது கேட்க ஒருவர் இருப்பார்.